இல்லாத மூன்றாம் பகுதி

வியன்னா,
1893 அக்டோபர் 9

அன்புள்ள தங்கை ஒட்டீலிக்கு,

சர்வேசுரன் கிருபையால் நான் சுகம். என் இடுப்பு மட்டும் அந்தக் கிருபைக்கு வெளியே நிற்கிறது. நான்கு மாடிப் படி இறங்கி இரண்டு குளிர்காலம் ஆகிறது. உன் இருமல் எப்படி? என் தம்பி, உன் அண்ணன் காசிமிரின் வயிறு எப்படி?

நேற்று ஞாயிறு. பேசி வைத்தபடி ஐந்து மணிக்குப் பியானோ முன் உட்கார்ந்தேன். பேத்தோவனின் ஏழாவது சிம்பொனி, ஒரே பியானோவில் இரண்டு பேர் வாசிக்கும்படி எழுதிய நம் பிரதி. வலப்பக்கத் தாளில் என்னுடைய மேல் பாதி, இடப்பக்கத் தாளில் உன்னுடைய கீழ் பாதி. அதே நேரத்தில் ஸ்னாய்மில் நீயும் அண்ணன் வீட்டுப் பியானோவில் உன் பாதியை வாசிக்கிறாய் என்ற நம்பிக்கையில் வாசித்தேன். முப்பது வருஷமாக ஒரே பலகையில் இடித்துக்கொண்டு வாசித்தவர்களுக்கு இது கொஞ்சம் குளிராகத்தான் இருக்கிறது.

இரண்டாம் பகுதி உன் கையில்தான் தொடங்குகிறது. என் தாளில் ஓய்வுக் குறிகள் மட்டும். மடியில் கை வைத்து மனத்துக்குள் தாளம் எண்ணிக்கொண்டிருந்தபோது, வாயிற்காவலரின் மனைவி சப்லெத்தால் அம்மாள் பால் கொண்டுவந்தாள்.

"என்னம்மா, பியானோ கெட்டுப்போச்சா? சும்மா உக்காந்திருக்கீங்க?"

"இப்ப என் தங்கச்சி வாசிக்கிறா."

"எங்க?"

"ஸ்னாய்ம்ல."

அவள் சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டாள். பிறகு கீழே யாரிடமோ, "அந்தம்மா வாசிக்கிறது பல்லு போன வாயில பேசற மாதிரி இருக்கு, பாதிதான் வருது" என்று சொன்னது படிவழியே என் காதுக்கு வந்தது. அவள் சொன்னது தப்பில்லை.

மனைவியை இழந்த அண்ணனுக்கு வீடு பார்த்துக் கொடுப்பது கல்யாணமாகாத தங்கையின் கடமை. அதனால்தான் உன்னை அனுப்பினேன். ஒரு குளிர்காலம்தான். ஈஸ்டருக்கு நீ இங்கே இருப்பாய்.

உன் கழுத்துத் துணியை எடுக்காதே.

உன் அக்கா,
ஹெட்விக்
(காலஞ்சென்ற அரண்மனை ஆலோசகரின் விதவை)


ஸ்னாய்ம்,
1893 அக்டோபர் 16

என் அக்காவுக்கு,

தங்கைக்கு எழுதும் கடிதத்திலும் அத்தானின் பதவியைப் போட்டுக் கையெழுத்திடும் ஒரே பெண் இந்தப் பேரரசில் நீதான். நான் சுகம், இருமல் போய்விட்டது. அண்ணனின் வயிறும் சுகம். இந்த ஊர் வெள்ளரி ஊறுகாயைத் தினமும் இரண்டு வேளை சாப்பிட்டும் சுகமாக இருக்கிற வயிறு அது.

ஏழாவதை வாசித்தேன். இரண்டாம் பகுதியில் நீ உள்ளே நுழையும்போது அவசரப்பட்டிருப்பாய். மறுக்காதே, எப்போதும் அப்படித்தான்.

அண்ணன் நல்லவர். படைக் கிடங்கில் முப்பது வருஷம் இருந்தவர் இல்லையா, வீட்டையும் கிடங்கு மாதிரியே வைத்திருக்கிறார். எல்லாச் சாவியும் அவர் இடுப்பில். நேற்று, "கடைத்தெரு வரைக்கும் போய்ட்டு வரட்டுமா அண்ணா?" என்றேன்.

"எதுக்கும்மா? என்ன வேணும்னு சொல்லு, ஆள் வாங்கிட்டு வருவான்."

"வேணும்னு ஒண்ணுமில்ல. நடக்கணும் போல இருக்கு."

"அதான் உள்ளேயே தாழ்வாரம் நீளமா இருக்கே. நட."

நடந்தேன். தாழ்வாரத்தின் கடைசியில் ஒரு ஜன்னல். அதற்கு நேர் எதிரே ரயிலடி. மாலை ஆறு மணிக்கு வியன்னா போகும் வண்டி ஊதுவது என் அறைக்குக் கேட்கிறது. கதவைத் திறந்தால் ஒரு ஓட்டத்தில் பிடித்துவிடலாம். சின்ன வயதாக இருந்தால்.

அடுத்து எந்த சிம்பொனி என்று எழுது.

உன்
ஒட்டீலி

அக்காவுக்குப் பணிவான வணக்கம். இந்தக் கடிதம் தற்செயலாக என் கண்ணில் பட்டது. ஒட்டீலி வேடிக்கையாக எழுதுகிறாள். அவளுக்கு நரம்புத் தளர்ச்சி இருப்பதாக மருத்துவர் ப்ரூஷா கருதுகிறார். தெருவின் கூச்சல் அவளுக்கு ஆகாது. இனி கடிதங்களை நானே பார்த்து உறையிட்டு அனுப்புகிறேன். அவளுக்குச் சிரமம் குறையும். — காசிமிர்


ஸ்னாய்ம்,
1893 டிசம்பர் 4

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

நான் சுகம். அண்ணன் சுகம். உன் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நவம்பரில் நீ எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து இப்போது பதில் எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

இங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. சாப்பாடு வேளைக்குக் கிடைக்கிறது. மருத்துவர் வாரம் ஒருமுறை அண்ணனோடு சீட்டாட வருகிறார். வந்தால் என் நாடியையும் பார்க்கிறார்.

நீ சொன்னபடி ஞாயிறு ஷூபெர்ட்டின் அந்த பி மைனர் சிம்பொனியை வாசித்தேன். முதல் இரண்டு பகுதிகளும் சுலபமாகப் போயின. மூன்றாம் பகுதிதான் மிகவும் கனமாக இருந்தது. எப்போது முடியும் என்றே தெரியவில்லை. நீ அந்த மூன்றாம் பகுதியை எப்படி வாசித்தாய் என்று அவசியம் எழுது.

உன் தங்கை,
ஒட்டீலி

அக்கா, ஈஸ்டரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தற்போதைய ஏற்பாடு எல்லோருக்கும் திருப்தியாக இருப்பதால் அதை நீட்டித்திருக்கிறேன். முடிவு தேதி குறிக்கவில்லை. — காசிமிர்


வியன்னா,
1893 டிசம்பர் 8
மாதாவின் அமலோற்பவத் திருநாள்

ஒட்டீலிக்கு,

திருநாள் வாழ்த்து. உன் சுகத்தை விசாரிக்க வேண்டியது முறை; ஆனால் உன் கடிதத்தைப் படித்ததில் எனக்கே சுகமில்லை.

மூன்றாம் பகுதியா? எந்த மூன்றாம் பகுதி? ஷூபெர்ட் அந்த சிம்பொனியில் இரண்டு பகுதிகளை எழுதினார். மூன்றாவதைத் தொடங்கி அப்படியே விட்டுவிட்டார். அதனால்தான் ஊரே அதை முற்றுப்பெறாதது என்கிறது. நம் பிரதியில் இரண்டு பகுதிகளுக்குப் பிறகு பதிப்பாளரின் விளம்பரம்தான் இருக்கிறது. நீ வாசித்தது விளம்பரமா?

கால்நூற்றாண்டுக்கு மேலாக என் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவள் நீ. அதன் முதல் வாசிப்பை அரங்கத்தின் நிற்கும் பகுதியில் நின்று நாம் இருவரும் சேர்ந்துதான் கேட்டோம். இருபத்தாறு வயதில் நீ அழுதாய். உன்னிடம் கைக்குட்டை இல்லை, என்னுடையதைக் கொடுத்தேன். அப்படிப்பட்டவள் இப்படி எழுதலாமா? மடத்துப் பள்ளிக் கன்னியாஸ்திரி அகுஸ்தினா இருந்திருந்தால் உன்னை முழங்காலில் நிற்க வைத்திருப்பார். ஐம்பத்து நான்கு வயதில் மறதி வருவதற்கு உனக்கு என்ன உரிமை? அறுபத்தாறில் எனக்கே இன்னும் வரவில்லை.

காசிமிருக்குச் சொல்: ஈஸ்டர் என்றால் ஈஸ்டர். திருச்சபை குறித்த தேதியைக் கிடங்கு அதிகாரி நீட்டிக்க முடியாது.

ஜனவரி முதல் ஞாயிறு ஹைடனின் விடைபெறும் சிம்பொனியை எடுப்போம். இதிலாவது ஒழுங்காக இரு.

ஹெட்விக்
(காலஞ்சென்ற அரண்மனை ஆலோசகரின் விதவை)


ஸ்னாய்ம்,
1894 ஜனவரி 10

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

புத்தாண்டு உனக்கு நலமாக அமையட்டும். நான் சுகம். அண்ணன் சுகம். மழையும் பனியும் அதிகம்; நான் வெளியே போவதில்லை என்பதால் எனக்குத் தொந்தரவில்லை.

நீ திட்டியது நியாயம்தான். எனக்கு இப்போதெல்லாம் தவறுகள் வருகின்றன. நீ ஒருத்திதான் அவற்றைக் கண்டுபிடிக்கக்கூடியவள்.

ஞாயிறு ஹைடனை வாசித்தேன். கடைசிப் பகுதி மிக நன்றாக வந்தது. முதலில் நீ எழுந்து போனாய். நான் உட்கார்ந்தபடியே இருந்தேன். என் தாளில் சுரங்கள் தீரவே இல்லை, அக்கா. கடைசி வரிவரை வாசித்தேன். என் மெழுகுவத்தியும் கடைசிவரை எரிந்தது. யாரும் அணைக்கவில்லை.

இதில் தவறு இருந்தால் திருத்து.

ஒட்டீலி

அக்காவுக்கு ஒரு விளக்கம். நரம்புகளின் நலன் கருதி கிறிஸ்துமஸ் முதல் பியானோவைப் பூட்டி வைத்திருக்கிறோம். ஒட்டீலி சாப்பாட்டு மேசை விளிம்பில் விரல்களால் தட்டிக்கொண்டிருக்கிறாள். சத்தமில்லாததால் அனுமதித்திருக்கிறேன். — காசிமிர்


வியன்னா,
1894 ஜனவரி 15

அன்புள்ள ஒட்டீலிக்கு,

நான் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

திருத்தச் சொன்னாய். திருத்துகிறேன். ஹைடன் வேலை பார்த்த கோமகன் தன் கோடைகால மாளிகையிலேயே தங்கிவிட்டார். வாத்தியக்காரர்கள் வீடு திரும்ப முடியவில்லை; மனைவி மக்கள் வேறு ஊரில். எஜமானிடம் வாய் திறந்து கேட்க யாருக்கும் துணிவில்லை. அதனால் ஹைடன் ஒரு சிம்பொனி எழுதினார். அதன் கடைசிப் பகுதியில் ஒவ்வொருவராகத் தம் பங்கை முடித்து, மெழுகுவத்தியை ஊதி அணைத்து, எழுந்து போவார்கள். கடைசியில் இரண்டு வயலின் மட்டும். கோமகன் புரிந்துகொண்டார். மறுநாள் வண்டிகள் பூட்டப்பட்டன.

அந்த இரண்டு வயலினும் இருப்பது என்னுடைய மேல் பாதியில். உன் தாளின் கடைசி வரிகள் வெறுமை. அப்பா நமக்கு இதைக் கற்றுக்கொடுத்த நாளிலிருந்து வழக்கம் என்ன? உன் சுரங்கள் தீர்ந்ததும் நீ உன் பக்கத்து மெழுகுவத்தியை ஊதிவிட்டு, விருந்தாளிகளைப் பார்க்காமல், கதவைத் திறந்து வெளியே போவாய். நான் தனியாக முடிப்பேன். எழுந்து போவது நீ. நான் அல்ல. ஒவ்வொரு தடவையும் நீதான்.

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். காபி ஆறிப்போகும்வரை எடுக்கவில்லை.

ஒட்டீலி, நீ எழுதியதில் தவறு எதுவும் இல்லை. உன் பிரதியில் அப்படித்தான் இருக்கிறது போலும். ஷூபெர்ட் விஷயத்திலும் நான் அவசரப்பட்டுவிட்டேன். மூன்றாம் பகுதி கனமாகத்தான் இருந்திருக்கும்.

அண்ணன் சொல்படி நட. மேசையில் விடாமல் பயிற்சி செய். முக்கியமாக ஹைடனை.

ஹெட்விக்
(காலஞ்சென்ற அரண்மனை ஆலோசகரின் விதவை)


வியன்னா,
1894 பிப்ரவரி 5

அன்புள்ள தம்பி காசிமிருக்கு,

சர்வேசுரன் உனக்குப் பூரண சுகம் தரட்டும். உன் வயிறு எப்படி இருக்கிறது? ஒட்டீலியைப் பற்றி நீ எடுத்த முடிவுகளை யோசித்துப் பார்த்தேன். குடும்பத்தில் ஒரு ஆண்பிள்ளையின் கண்டிப்பு வேண்டியதுதான். அவளை நீயே வைத்துக்கொள். ஈஸ்டர் பேச்சை விட்டுவிட்டேன்.

மார்ச் நான்காம் தேதி உன் பெயர் கொண்ட புனிதரின் நாள், உன் நாமத் திருநாள். இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. நான் வரலாம் என்றிருக்கிறேன். எப்படி என்று கேட்பாய். கரிக்காரன் வென்ட்செலும் அவன் தம்பியும் என்னை நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்குவதாகச் சொல்கிறார்கள். "அரண்மனை ஆலோசகர் வீட்டம்மா, ரெண்டு மூட்டை கரிய விட நீங்க லேசுதான்" என்கிறான். இது மரியாதையா இல்லையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

உன் பதவிக்குத் தகுந்தபடி நாள் கொண்டாடப்பட வேண்டும். மருத்துவர், பங்குக் குரு, நகரசபைத் தலைவர் எல்லோரையும் பிற்பகல் காபிக்குக் கூப்பிடு. வியன்னாவில் நல்ல குடும்பங்களில் இப்போது விருந்துக்குப் பிறகு ஒரு சிம்பொனி வாசிப்பதுதான் கௌரவம். நானும் ஒட்டீலியும் உனக்காக ஹைடனை வாசிக்கிறோம். பியானோவை ஒரு நாளைக்குத் திறந்து சுருதி சேர்த்து வை. இரு பக்கமும் ஒவ்வொரு மெழுகுவத்தி. ஐந்தேகால் சுமாருக்குத் தொடங்கினால் போதும். முடிவில் ஒரு சின்ன நாடகம் உண்டு; விருந்தாளிகளுக்குப் பிடிக்கும். உனக்கு இசை என்றால் சாப்பாட்டு மணிதான் என்று தெரியும். ஆனாலும் பெருமை உன்னைத்தான் சேரும்.

உன் மூத்த அக்கா,
ஹெட்விக்
(காலஞ்சென்ற அரண்மனை ஆலோசகரின் விதவை)


ஸ்னாய்ம்,
1894 மார்ச் 6

ஒட்டீலிக்கு,

நீ வியன்னாவில் அக்கா வீட்டில் பத்திரமாக இருப்பதாக சப்லெத்தால் என்ற பெண்ணின் தந்தி வந்தது. உன் உடல்நலத்தை விசாரிக்கிறேன், முறை என்பதற்காக.

நகரசபைத் தலைவர் உட்பட எல்லோர் முன்னிலையிலும் நடந்ததை வரிசையாக எழுதி வைக்க விரும்புகிறேன். நீ மெழுகுவத்தியை ஊதினாய். எழுந்தாய். யாரையும் பார்க்காமல் வெளியே போனாய். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் கைதட்டினேன், இதை நீ மறக்கக்கூடாது. "இந்த நாடகம் பிரமாதம், காசிமிர்" என்றார் ப்ரூஷா.

அக்கா வாசித்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கு இசை தெரியாது. ஆனால் அதே வரிகள் திரும்பத் திரும்ப வருவதாகப் பட்டது. மெதுவாகக் கேட்டேன்: "ஒட்டீலி எங்க அக்கா?"

வாசிப்பை நிறுத்தாமலே சொன்னார்கள்: "கேக் வெட்டப் போயிருப்பா. உக்காரு தம்பி. இன்னும் முடியல."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஹைடன் எவ்வளவு எழுதியிருக்காரோ அவ்வளவு. பெரியவங்க முன்னாடி எழுந்து நிக்காத."

உட்கார்ந்தேன். அறுபது வயதில், என் வீட்டில், உட்கார் என்றதும் உட்கார்ந்தேன். பிறகு வண்டி ஊதியது. அப்போதுதான் அக்கா கையை எடுத்தார்கள்.

விருந்தாளிகள் வருவதற்காக வாசல் கதவைத் திறந்து வைத்தது என் பிழை. இனி நடக்காது.

நீ திரும்பி வர வேண்டும். அதுவரை அக்கா இங்கே என் விருந்தாளி. பயணத்தில் அவர்கள் இடுப்பு மோசமாகிவிட்டது. மாடி அறையைக் கொடுத்திருக்கிறேன்.

காசிமிர்


ஸ்னாய்ம்,
1894 ஏப்ரல் 2

அன்புள்ள ஒட்டீலிக்கு,

ஈஸ்டர் வாழ்த்து. நீ சுகமா? என் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாயா? உன்னிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. நீ எழுதாமல் இருக்கமாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. காசிமிர் கவனமாகப் பார்த்துக்கொள்கிறான். சாப்பாடு மாடிக்கே வருகிறது. படி இறங்க வேண்டிய அவசியமே இல்லை. ஜன்னல் வழியாக ரயிலடி தெரிகிறது. நீ சொன்னபடி ஆறு மணிக்கு வண்டி ஊதுகிறது, தாமதமாவதே இல்லை. ஊறுகாய் மட்டும் அதிகம்.

நீ இங்கே திரும்பி வருவதைப் பற்றி யோசிக்காதே. இதை நான் சொல்கிறேன், யாரும் சொல்லச் சொல்லவில்லை. வீடு பூட்டியிருந்தால் பியானோவில் ஈரம் ஏறும். ஒரு வாத்தியத்தைக் கவனிக்காமல் விடுவது பாவம்.

வருகிற ஞாயிறு ஐந்து மணிக்கு ஷூபெர்ட்டின் பி மைனரை வாசிப்போமா? இங்கே மேசை இருக்கிறது, நல்ல ஓக் மரம். முதல் இரண்டு பகுதிகளையும் நீ எப்படி வேண்டுமானாலும் வாசி. மூன்றாம் பகுதியை மட்டும் என்னோடு சேர்ந்து வாசி. எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது.

ஹெட்விக்

அக்கா சுகமாக இருக்கிறார். கோடைவரை நடமாட்டம் கூடாது என்று ப்ரூஷா சொல்லிவிட்டார். இந்தக் குடும்பத்துப் பெண்கள் எல்லோருக்கும் நரம்புத் தளர்ச்சி இருப்பதாக அவர் கருதுகிறார். — காசிமிர்


வியன்னா,
1894 ஏப்ரல் 4

என் அக்காவுக்கு,

நான் சுகம். செடிகள் சுகம். பியானோவும் சுகம், சப்லெத்தால் அம்மாளுக்கு மட்டும் வருத்தம், இப்போது கீழ் பாதிதான் கேட்கிறதாம், "முன்ன பல்லில்லாம பேசிச்சு, இப்ப வயிறு மட்டும் உறுமுது" என்கிறாள்.

அக்கா, அந்த சிம்பொனிக்கு மூன்றாம் பகுதி கிடையாது. வாழ்நாளில் முதல் தடவையாக உன்னைத் திருத்துகிறேன். கையெழுத்தில் அத்தானின் பதவியையும் விட்டுவிட்டாய்.

காசிமிர் அண்ணாவுக்கு: இதை எப்படியும் நீங்கள்தான் முதலில் படிப்பீர்கள், அதனால் உங்களுக்குத் தனியாக எழுதவில்லை. உங்கள் வயிறு நலமாக இருக்க வேண்டுகிறேன். சனிக்கிழமை நானும் கரிக்கார வென்ட்செலும் அவன் தம்பியும் வருகிறோம். ஆறு மணி வண்டிக்குத் திரும்ப வேண்டும், காபி வேண்டாம். நாற்காலியும் தேட வேண்டாம், நாங்களே கொண்டுவருகிறோம்.

ஒட்டீலி